கனடாவில் போய் இறங்கும் இருக்கை

அந்தக் குளிர்காலத்தில் மார்னி கோஸ்கெலா இரண்டு ஆளாக இருந்தாள். பேய் பிடித்து அல்ல, கல்லூரி விதிப்படி.

அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், ஏரிக்கு அக்கரையில் கனடா இருக்கும் பைன் போர்டேஜ் என்ற ஊரில், பொறியியல் கல்லூரியில் 'நாலு கூட்டல் ஒன்று' என்று ஒரு திட்டம் உண்டு. ஊர் உலகமெல்லாம் இளநிலைக்கு நாலு வருஷம், முதுநிலைக்கு இரண்டு வருஷம் என்று குப்பை கொட்டிக்கொண்டிருக்க, இதில் சேர்ந்தவர்கள் ஐந்தே வருஷத்தில் இரண்டு பட்டத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடலாம். சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. நாலாம் வருஷத்தில் படிக்கிற சில பாடங்களை இளநிலைக்கும் எழுதிக்கொள்வார்கள், முதுநிலைக்கும் எழுதிக்கொள்வார்கள். இரட்டைக் கணக்கு என்று அதற்குப் பெயர். வேறு எங்காவது இப்படிக் கணக்கு எழுதினால் பிடித்து உள்ளே போடுவார்கள். இங்கே கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்கள்.

பாடத்தை இரண்டாக எண்ணினார்கள், சரி. ஆளையும் இரண்டாக எண்ணிவிட்டதுதான் கூத்து. இளநிலை மார்னிக்கு ஒரு மின்னஞ்சல், முதுநிலை மார்னிக்கு ஒரு மின்னஞ்சல். இளநிலைக்கு ஒரு அடையாள அட்டை, முதுநிலைக்கு இன்னொன்று. முதுநிலை அட்டையைக் காட்டினால்தான் மாடியிலிருக்கும் நல்ல காபி கிடைக்கும் அறை திறக்கும். மார்னி அந்த அட்டையைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

அவளுக்கு அந்த ஒரு வருஷத்தை மிச்சம் பிடிப்பதில் அப்படி என்ன வெறி என்று கேட்டால், காரணம் வீட்டில் சோபாவில் படுத்துக் கிடந்தது. அவள் அண்ணன் எய்னோ. ஒரே ஒரு பட்டத்தை எட்டு வருஷம் படித்தவன். கோஸ்கெலா வீட்டுப் பிள்ளை என்றாலே ஊரில் "இன்னும் படிக்கிறானா?" என்று கேட்டுச் சிரிக்கிற அளவுக்குக் குடும்ப மானத்தை வாங்கியவன். போன கோடையில் மார்னி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், விருந்தாளிகள் நடுவில், "எய்னோ எட்டு வருஷத்துல ஒண்ணு, நான் அஞ்சு வருஷத்துல ரெண்டு, வேணும்னா பாத்துக்கிட்டே இருங்க" என்று சவால் விட்டுவிட்டாள். எய்னோ அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

திட்டத்தில் ஒரே ஒரு முள் இருந்தது. இரட்டைக் கணக்குப் பாடம் எதிலும் 'பி'க்குக் கீழே போகக் கூடாது. போனால் முதுநிலை மார்னி அவுட். மிஞ்சுவது இளநிலை மார்னி மட்டும். அப்புறம் எய்னோவின் வாயை யார் அடைப்பது?

டிசம்பரில் அதிர்வியல் பாடத்தின் பருவத் தேர்வு முடிந்தது. விடைத்தாள் திருத்துகிற முதுநிலை மாணவர் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். உடனே கல்லூரிக் கணினி, கை கால் ஒழுங்காக உள்ள வேறொரு முதுநிலை மாணவரைத் தேடிப் பிடித்தது. எம். கோஸ்கெலா. அதிர்வியலை இளநிலைக்கும் முதுநிலைக்கும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே வினாத்தாளோடு நடத்துவார்கள். பாட எண் மட்டும்தான் வேறு. தன் மேஜைக்கு வந்த கட்டு முதுநிலைக் கட்டு என்று மார்னி நினைத்துக்கொண்டாள். பேராசிரியர் ஓஸ்ட்லண்ட் இரண்டையும் கலந்து ஒரே ரப்பர் பேண்டைப் போட்டு அனுப்பியிருந்தார். அவர் சுபாவம் அது.

தாள்களில் பெயர் இருக்காது, கடைசிப் பக்கத்தில் எண்தான். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அந்தக் கல்லூரியில் முதல் வருஷமே எல்லோரையும் பச்சைக் கட்டத் தாளில், அச்சடித்த மாதிரி பெரிய எழுத்தில் எழுதப் பழக்கிவிடுவார்கள். நாலு வருஷத்தில் எல்லோர் எழுத்தும் ஒரே எழுத்தாகிவிடும். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

மார்னி சிவப்புப் பேனாவை எடுத்தாள். அப்பப்பா, அந்தப் பேனா அன்றைக்கு ஆடிய ஆட்டம்! பனிமேல் ஓட்டுகிற ஸ்னோமொபைல் வண்டியின் இருக்கைக்குச் சரியான ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கேள்வி. ஒரு நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று கண்டுபிடித்து, அதை இரண்டு பையால், அதாவது வட்டக் கணக்கில் வருகிற அந்த 3.14-இன் இரண்டு மடங்கால், பெருக்கிக்கொண்டு மேலே போக வேண்டும். அந்த இரண்டு பையை விட்டால், இருக்கையின் ஆட்டமும் இன்ஜினின் ஆட்டமும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி விடுவது போல, உட்கார்ந்தவரை அது ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி அடிக்கும். ஒரு தாளில் ஒரு மகானுபாவர் அந்த இரண்டு பையை அப்படியே விழுங்கியிருந்தார். மார்னிக்குக் குஷி தாங்கவில்லை.

"இந்த இருக்கையில் உட்கார்பவர் ஏரியைத் தாண்டி கனடாவில் போய் இறங்குவார்" என்று ஓரத்தில் எழுதினாள். கீழே பெரிய 'டி' போட்டாள். இரண்டு தாள் தள்ளி இன்னொருவரும் அதே தப்பைச் செய்திருந்தார். "நீங்களுமா? வழித்துணை கிடைத்தது" என்று எழுதி அதற்கும் ஒரு 'டி' போட்டாள். தானும் இதே கேள்விக்கு அருமையாக விடை எழுதியிருந்ததை நினைத்துப் பெருமையாகக் காபியைக் குடித்தாள்.

மார்க்கை எண்ணோடு பதிவு செய்வதற்காக அந்த முதல் கனடாத் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பியபோது, ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு மடியில் விழுந்தது. பக்கத்தில் ஒரு குழம்புக் கறை. பாஸ்டி என்கிற, கறியும் கிழங்கும் அடைத்த பெரிய பப்ஸின் குழம்பு. தேர்வறையில், யாருக்கும் தெரியாமல், மேஜைக்கடியில் வைத்து பாஸ்டி தின்ற ஒரே ஆத்மா யார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தாளின் எண்ணைப் பார்த்தாள். தன் எண்.

இரண்டு பை எங்கே? போட்டேனே! போட்டிருப்பேனே! புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்தாள். இல்லை. அப்படியானால் அந்த வழித்துணை? அது வேட் ட்ரெகெம்போவாகத்தான் இருக்க வேண்டும். தேர்வுக்குப் போகும் வழியில் அவனுக்கு அந்த மாதிரிக் கணக்கை நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

வேட் அவளுடைய நண்பன். எந்தக் கூட்டலும் இல்லாத வெறும் நாலு வருஷக்காரன். எதற்கும் அவசரப்படாதவன். தாள் கைக்கு வந்த அன்றே, மார்னி உட்கார்ந்திருந்த சந்தேகம் தீர்க்கும் அறைக்குள் கோட்டில் பனியோடு நுழைந்தான்.

"ஏய், நீதானாடி அந்த ராட்சசி?"

"மெதுவாப் பேசுடா!"

"மெதுவாவா? நான் கனடாவுலேர்ந்து கத்தறேன். உனக்குக் கேக்க வேணாமா?"

மார்னி தன் தாளை எடுத்து அவன் முன்னால் போட்டாள். வேட் படித்தான். குழம்புக் கறையைப் பார்த்தான். அப்புறம் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"உன்னை நீயே திட்டியிருக்கியா? இதுக்கெல்லாம் நேர்ல வரணும்டி, கேள்விப்பட்டாப் பத்தாது!"

"சிரிக்காத. எனக்கு பி வேணும். இல்லன்னா முதுநிலை போச்சு."

"பேனா உன் கையில, பேப்பர் உன் கையில. போட்டுக்கோ. எனக்கும் ஒண்ணு போட்டுடு. நீ சொல்லிக்குடுத்த தப்புதானே?"

"போடா வெளிய."

அவன் போனபிறகு மார்னிக்கு ஆசை வராமல் இல்லை. வந்தது, வண்டி வண்டியாக வந்தது. வழிமுறைக்குப் பாதி மார்க் போட்டால் என்ன? ஒரு தடவை சிவப்புப் பேனாவின் மூடியைத் திறக்கக்கூடச் செய்தாள். அப்புறம் மூடிவிட்டு, நேரே பேராசிரியரிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள்.

பேராசிரியர் ஓஸ்ட்லண்ட் ஓர் இருநூறு சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்வார். முகங்களில் மட்டும் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த ஊரில் குளிர்காலம் ஏழு மாதம். அத்தனை பேரும் புருவம் வரை தொப்பியும் மூக்கு வரை கழுத்துத்துணியுமாக நடமாடினால் எந்த முகத்தைத்தான் பார்ப்பது?

"புரொபசர், ஒரு சிக்கல். இந்தக் கட்டுல என் பேப்பரும் இருக்கு."

"உன் பேப்பர் எப்படி இருக்கும்? நீ முதுநிலையாச்சே."

"இளநிலையும் நான்தான். எம். கோஸ்கெலா."

"ஓ, அந்தப் பொண்ணா!" அவர் முகம் மலர்ந்தது. "பின் வரிசையில, ஜன்னல் பக்கம், தொப்பியைக் கழட்டாம உக்காந்திருக்குமே? உனக்கு என்ன வேணும் அது? சித்தப்பா பொண்ணா?"

"ஐயோ, அது நான்தான்!"

"அப்படித்தான் இருக்கணும். அவ வேற நான் வேற இல்லைங்கறது நல்ல குணம். இந்தக் காலத்துல சொந்தக்காரங்களை யாரு பாக்கறா?"

மார்னிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பைன் போர்டேஜில் இது எல்லோரும் செய்யக்கூடிய தப்புதான். அங்கே கல்லை எறிந்தால் ஒரு கோஸ்கெலா மேல் விழும், துள்ளி இன்னொரு கோஸ்கெலா மேல் விழும். தபால்காரர் கோஸ்கெலா, பல் டாக்டர் கோஸ்கெலா, அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட ஷெரீஃபும் கோஸ்கெலா. மார்னி கோஸ்கெலாவே ஊரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி பனிச்சறுக்குச் சொல்லித்தருபவள். அவளுக்கு வரவேண்டிய பூங்கொத்தெல்லாம் நம் மார்னிக்கு வந்துவிடும்.

"நீ ஒண்ணு செய்" என்றார் பேராசிரியர். "அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு வச்சுத் தனியா சொல்லிக்குடு. ரெண்டு பையை விட்டுட்டா பாரு."

"சொல்றேன்" என்று மார்னி பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, மார்க்கில் கை வைக்கவுமில்லை, இனி என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும் என்று அம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

"அம்மா, தொலைஞ்சேன். ரெண்டு பையை விட்டுட்டேன்."

"எந்தக் கடையிலடி?"

"கடையில இல்லம்மா, பரீட்சையில!"

"பரீட்சைக்கு எதுக்குடி பையெல்லாம் தூக்கிட்டுப் போற? உள்ள என்ன இருந்துச்சு?"

பின்னாலிருந்து எய்னோவின் குரல் கேட்டது. "அம்மா, கேளு, அஞ்சு வருஷமா ஆறு வருஷமான்னு கேளு!"

மார்னி ஃபோனை வைத்துவிட்டாள்.

என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும் என்று அவள் சொன்னது யார் காதில் விழுந்ததோ, அப்படியே நடந்தது. ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, முதுநிலை மார்னிக்கு மின்னஞ்சல் வந்தது. அதிர்வியலில் டி வாங்கியதால் உங்கள் முதுநிலைச் சேர்க்கை பருவத் தொடக்கத்திலிருந்தே ரத்து. காபி அறை திறக்க மறுத்தது. வியாழக்கிழமை இளநிலை மார்னிக்கு இன்னொன்று வந்தது. உங்கள் விடைத்தாளைத் திருத்தியவர் பருவத் தொடக்கத்திலிருந்தே முதுநிலை மாணவர் அல்ல என்று தெரியவருவதால், அவர் போட்ட டி செல்லாது. டி செல்லாததால், அடுத்த திங்கட்கிழமை முதுநிலைச் சேர்க்கை திரும்பி வந்தது. சேர்க்கை திரும்பி வந்துவிட்டதால், திருத்தியவர் முறையான ஆள்தான், ஆகவே டி செல்லும் என்று வியாழக்கிழமை வந்தது. அடுத்த திங்களுக்கு மறுபடி ரத்து.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. மார்னி காலையில் எழுந்ததும் முதலில் மாடிக்கு ஓடி அட்டையைக் காட்டிப் பார்ப்பாள். பச்சை விளக்கு எரிந்தால் இன்றைக்கு முதுநிலை, நல்ல காபி. சிவப்பு எரிந்தால் கீழே போய் இயந்திரத்தில் வருகிற கழுநீர். ஒருநாள் அவள் உள்ளே காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இளநிலையாகிவிட்டாள். கோப்பையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் டீன் ஃபிலிப்பா கிரேன் தலையிட்டார். விதி என்றால் உயிரை விடுகிற அம்மாள். 'கோஸ்கெலா எதிர் கோஸ்கெலா' என்று விசாரணை வைத்தார். மாணவிக்கு ஒரு நாற்காலி, திருத்தியவருக்கு ஒரு நாற்காலி, இரண்டுக்கும் முன்னால் பெயர்ப் பலகை. இரண்டிலும் எம். கோஸ்கெலா என்றே எழுதியிருந்தது.

"மேடம், நான் ஒரே ஆள்தானே" என்றாள் மார்னி.

"எனக்குத் தெரியும்மா. ஆனா எந்த ஆளாப் பேசறீங்கன்னு குறிப்புல வரணும். பேசறதுக்கேத்த நாற்காலியில போய் உக்காந்துக்குங்க."

மாணவியின் நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. இடுக்கு வழியாகக் குளிர்காற்று ஊசியாக இறங்கியது. மார்னி அதில் உட்காரும்போதெல்லாம் தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டுக்கொண்டாள், பனிபடரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டாள். திருத்தியவரின் நாற்காலி ஹீட்டர் பக்கத்தில் இருந்தது. அங்கே போனால் வியர்த்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சாட்சி சொல்ல வந்த பேராசிரியர் ஓஸ்ட்லண்ட், பையிலிருந்த பாஸ்டியை எடுத்து மடியில் வைத்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கும்போது ஜன்னலோரம் தொப்பிக்காரி இருந்தாள். அடுத்த வாய்க்கு அப்புறம் பார்த்தால் ஹீட்டர் பக்கம் கண்ணாடிக்காரி இருந்தாள். ரெண்டு பொண்ணுமே வந்திருக்கிறதே என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"எதுக்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்து?" என்றார் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு. "நான் திருத்தறேன். பின் வரிசைப் பொண்ணோட வழிமுறை நல்லா இருக்கு. ரெண்டு பைதானே விட்டுப்போச்சு? பாதி மார்க் போட்டா பி வந்துடும். முடிஞ்சுது."

ஜன்னலோர நாற்காலியில் மார்னிக்கு நெஞ்சு துள்ளியது. பி! ஐந்து வருஷம்! இரண்டு பட்டம்! எய்னோ சோபாவிலிருந்து எழுந்து நின்று தலையைச் சொறிகிற காட்சி கண்ணுக்குத் தெரிந்தது. "எனக்குச் சம்மதம்" என்றாள், கேட்பதற்கு முன்பே.

"நல்லது" என்றார் டீன். "திருத்தினவங்களோட கருத்து? அந்தப் பக்கம் போங்கம்மா."

மார்னி எழுந்தாள். இரண்டே எட்டு. ஹீட்டர் பக்கம் வந்து தொப்பியைக் கழற்றினாள், கண்ணாடியை மாட்டினாள், உட்கார்ந்தாள். 'சம்மதம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், சத்தியமாக.

"முடியாது" என்றது வாய்.

அறையே திரும்பிப் பார்த்தது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஆரம்பித்தாகிவிட்டது.

"எங்க அப்பா மாவட்ட ரோட்டுல பனி தள்ற வண்டி ஓட்டறார், மேடம். அந்த சீட்டை யாரோ ஒரு புத்திசாலி கணக்குப் போட்டுத்தான் செஞ்சிருக்கான். குளிர்காலம் பூரா அதுல குலுங்கி, மார்ச் மாசம் ஆச்சுன்னா அப்பாவால குனிய முடியாது. நான் காலேஜுக்கு வர்ற வரைக்கும் ஷூ லேஸை நான்தான் கட்டிவிட்டேன். அவருக்கு ஒரு நல்ல சீட்டு செஞ்சு குடுக்கத்தான் நான் அதிர்வியலே படிக்க வந்தேன். அந்தப் புத்திசாலிக்கும் யாரோ ஒருத்தர், வழிமுறை நல்லா இருக்கேன்னு பாதி மார்க் போட்டுத்தான் அனுப்பியிருப்பாங்க. நான் போட மாட்டேன். டி ன்னா டி."

டீன் பேனாவைக் கீழே வைத்தார். "சரி. மாணவி இதை ஏத்துக்கறாங்களா?"

மார்னி மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது.

"ஏத்துக்கறேன்" என்றாள். "ஆனா அந்தத் திருத்தின ஆளு ஒரு ராட்சசி. அதையும் குறிப்புல எழுதிக்குங்க."

"அப்போ டி உறுதி. டி உறுதின்னா முதுநிலை ரத்து. ரத்துன்னா திருத்தினது செல்லாது..." டீன் நிறுத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "கடவுளே, மறுபடியும் மொதல்லேர்ந்தா!"

"இது தானா நிக்காது" என்றார் பேராசிரியர், பாடம் நடத்துகிற குரலில். "வெளியிலேர்ந்து ஒரு கை வந்து புடிச்சு நிறுத்தணும்."

வெளியிலிருந்து என்றதும் எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த வேட், மாட்டிக்கொண்ட அசட்டுச் சிரிப்போடு உள்ளே வந்தான்.

ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. பழைய விடை ரத்து, புதிதாக ஒரு தேர்வு. "எனக்கு மட்டும்னா வேணாம், கனடா போன எல்லாருக்கும் வைங்க" என்று மார்னி அடம்பிடித்தாள், அதற்கும் சரி என்றார்கள். பேராசிரியர் திருத்துவார். ஆனால் கோஸ்கெலா தாளை மட்டும் நான் தொட மாட்டேன், எனக்கு மனசு இளகிவிடும் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

டீன் வேட்டைப் பார்த்தார். "உங்களுக்கு இவங்க மேல பிரியமா, கோபமா?"

"ரெண்டும் மேடம். இப்போதைக்குக் கோபம்தான் ஜாஸ்தி. தப்பாச் சொல்லிக்குடுத்தா, அப்புறம் அதுக்கே டி போட்டா."

"சரியான ஆள். உங்க பேப்பர்ல நீங்க முழு மார்க் வாங்கினா, இவங்க பேப்பரை நீங்க திருத்துங்க."

வேட் முழு மார்க் வாங்கினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ராப்பகலாகப் படித்திருந்தான், இந்த ஒரு சந்தர்ப்பத்துக்காக. சிவப்புப் பேனாவைக்கூட மார்னியிடமே கேட்டு வாங்கிக்கொண்டு, சிற்றுண்டிச் சாலையில் அவளை எதிரே உட்காரவைத்து, தாளை விரித்தான்.

இந்தத் தடவை ஸ்னோமொபைல் இல்லை, டிராக்டர் இருக்கை. மார்னி தன் பாஸ்டியைத் தொடவே இல்லை. வேட் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தான். நடுநடுவே "ம்ச்" என்றான். ஒரு இடத்தில் "அடடா" என்றான்.

"என்னடா அடடா? என்ன தப்பு?"

"ஒண்ணுமில்ல, பாஸ்டி வாசனை நல்லா இருக்கு. சாப்பிட மாட்டியா? இங்க தள்ளு."

அவள் தள்ளினாள். அவன் தின்றுகொண்டே திருத்தினான். இரண்டு பை இருந்த இடத்தை இரண்டு தடவை சுற்றி வட்டம் போட்டான். கடைசி வரிக்கு வந்ததும் அவன் முகம் பிரகாசமானது.

"அகப்பட்டுக்கிட்ட. விடையில அலகு எங்க? வெறும் எண்ணை எழுதி வச்சிருக்க. இது நியூட்டனா, ஆப்பிளா? யாருக்குத் தெரியும்?"

மார்னி தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். எழுதவில்லை. படுபாவி, நிஜமாகவே எழுதவில்லை. வாய்வரைக்கும் சண்டை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

"சரியான திருத்தம்" என்றாள் செத்த குரலில். "எவ்வளவு குறைக்கப் போற?"

"நீயா இருந்தா எவ்வளவு குறைப்ப?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "ஏ கிடையாது" என்றாள். "பி."

"நானும் அதான் நினைச்சேன்" என்றான் வேட். பி போட்டான். ஓரத்தில் நிதானமாக எழுதினான். "இந்த இருக்கையில் உட்கார்பவர் கனடா போக மாட்டார். பாவம், பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வைத்திருந்தார்."

மார்னி நாற்காலி மேல் ஏறிக் கத்தினாள். பக்கத்து மேஜையில் ஒரு கோஸ்கெலா திடுக்கிட்டு சூப்பைக் கொட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு ஃபோன் போட்டபோது அம்மாவிடம் "பை கிடைச்சுடுச்சும்மா, ரெண்டும்!" என்றாள். "நல்லவேளை, யாரு எடுத்து வச்சிருந்தாங்க?" என்றார் அம்மா. எய்னோ பேச மறுத்துவிட்டான். சோபாவை விட்டு எழுந்து எங்கேயோ போய்விட்டானாம். அப்பா ஃபோனை வாங்கி, "எனக்கு அந்த சீட்டு எப்போ வரும்?" என்று மட்டும் கேட்டார்.

"கோடையில வரேம்பா. இந்தத் தடவை எல்லாத்தையும் பெருக்கிட்டேன்."

மறுநாள் மாடியில் பச்சை விளக்கு எரிந்தது. நல்ல காபியோடு வெளியே வந்தவளைப் பேராசிரியர் ஓஸ்ட்லண்ட் தாழ்வாரத்தில் நிறுத்தினார். மார்னி கண்ணாடி போட்டிருந்தாள், தொப்பி இல்லை.

"உன் சித்தப்பா பொண்ணு தேறிட்டாளாமே? சந்தோஷம்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத. நீ கெட்டிக்காரி, நீ சொன்னதுதான் சரி. ஆனா அந்தப் பொண்ணு அன்னிக்கு ஜன்னல் பக்கம் உக்காந்து அழுதுச்சு பாரு. அதுகிட்ட கொஞ்சம் பிரியமா இருக்கக் கூடாதா? உன் ரத்தம்தானே அது?"

மார்னிக்கு வழக்கம்போல, அது நான்தான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"இருக்கேன், புரொபசர்" என்றாள்.

அறைக்குப் போனதும் டிசம்பர் தாளைத் தேடி எடுத்தாள். குழம்புக் கறை காய்ந்து பழுப்பாகியிருந்தது. "கனடாவில் போய் இறங்குவார்" என்ற வரிக்குக் கீழே, அதே சிவப்புப் பேனாவால், சின்னதாக ஒரு வரி சேர்த்தாள். "ஆனால் போகிற வழியெல்லாம் அழகாகப் பறந்திருப்பார்."

மார்க்கை மட்டும் ஏற்றவில்லை.